ஃப்ரிஹிலியானா: வெள்ளைச் சுவரில் ஒரு போர்

ஸ்பெயினுக்குப் போகிறவர்கள் பார்சிலோனா, மாட்ரிட், நேரம் இருந்தால் கிரனாடா அரண்மனை என்று முடித்துக்கொள்வார்கள். எனக்கு என்னவோ ஃப்ரிஹிலியானாதான் மனதில் நின்றது. மலாகா மாகாணத்தில், நெர்ஹா கடற்கரையிலிருந்து 6 கிலோமீட்டர் மேலே ஏறினால், மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர். வீடெல்லாம் கண் கூசும் வெள்ளை.

இந்த வெள்ளை அழகுக்காக வந்ததில்லை. சுண்ணாம்புக்கல்லுக்கு அந்தப் பக்கத்து மலைகளில் பஞ்சமே கிடையாது, காளவாயில் சுட்டு நீற்றினால் மலிவான பூச்சு தயார், அது வெயிலையும் திருப்பி விடும், கிருமியையும் கொல்லும் என்பதால் கொள்ளைநோய்க் காலங்களில் இன்னும் தாராளமாகவே அடித்தார்கள். பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே அடித்ததில் பழைய வீடுகளின் மூலைகளில் கூர்மையே இருக்காது, எல்லாம் மழுங்கி உருண்டிருக்கும்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். பார்ரிபர்த்தோ என்கிற பழைய பகுதியில் படியேறிப் போனால் சுவர்களில் அங்கங்கே பீங்கான் ஓடுகளால் ஆன பலகைகள், மொத்தம் 12. நிறையப் பேர் அதற்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதில் இருப்பது ஒரு படுகொலையின் கதை.

1492இல் முஸ்லிம்கள் ஆண்ட கிரனாடா ராஜ்ஜியம் கிறிஸ்தவ மன்னர்களிடம் விழுந்த பிறகு அங்கிருந்த முஸ்லிம்களைக் கட்டாயமாக மதம் மாற்றினார்கள். அப்படி மாறியவர்களுக்கும் வாரிசுகளுக்கும் மொரிஸ்கோ என்று பெயர். மாறியும் நிம்மதி இல்லை. 1567இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆணை வந்தது: அரபு பேசக் கூடாது, எழுதக் கூடாது, பழைய உடை கூடாது, பொதுக் குளியல் கூடாது. வெள்ளிக்கிழமையானால் வீட்டுக் கதவைத் திறந்தே வைக்க வேண்டுமாம், உள்ளே யாரும் தொழுகிறார்களா என்று பார்ப்பதற்கு! 1568 கிறிஸ்துமஸ் சமயத்தில் கிரனாடா பக்கத்து அல்புஹாரா மலைகளில் மொரிஸ்கோக்களின் கலகம் வெடித்தது. சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில், பெண்டு பிள்ளைகளோடு, ஃப்ரிஹிலியானாவுக்கு மேலே உள்ள பாறைக் குன்றில் ஏறிக்கொண்டார்கள். 1569 ஜூனில் ஸ்பானியத் தளபதி லூயிஸ் தெ ரெகெசென்ஸ் இத்தாலியிலிருந்து கப்பலில் கொண்டுவந்த படைவீரர்களோடு குன்றைத் தாக்கினார். மேலே இருந்தவர்கள் கல்லை உருட்டிவிட்டுச் சண்டை போட்டார்கள், பெண்களும் சேர்ந்துதான். சுமார் 2000 மொரிஸ்கோக்கள் செத்தார்கள் என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பிடிபட்டவர்கள் அடிமைகளாகப் போனார்கள். அப்புறம் கிரனாடா ராஜ்ஜியத்திலிருந்து சுமார் 80,000 மொரிஸ்கோக்களை உள்நாட்டுக்கு விரட்டி, காலியான ஊர்களில் வேறு ஆட்களைக் குடிவைத்தார்கள். 1609இல் தொடங்கி, மிச்சமிருந்தவர்களை ஸ்பெயினை விட்டே துரத்தினார்கள்.

கலகத் தலைவர் எர்னாந்தோ எல் தார்ரா பெயரில் இன்று அதே ஊரில் ஒரு தெரு இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் முஸ்லிம், யூத, கிறிஸ்தவப் பண்பாடுகள் மூன்றுக்கும் சேர்த்து மூன்று பண்பாட்டுத் திருவிழா என்று தடபுடலாக நடத்துகிறார்கள். மூன்றில் இரண்டை அடித்து விரட்டிவிட்டு இதென்ன கொண்டாட்டம் என்று முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் யார் யாரைக் கொன்றார்கள் என்பதைத் தெருச்சுவரிலேயே எழுதி வைத்திருக்கிற ஊரை ரொம்பவும் திட்ட மனசு வரவில்லை.

ஊர் முகப்பில் இன்ஹேனியோ என்ற பெரிய கட்டடம். 16ஆம் நூற்றாண்டில் மன்ரிக்கே தெ லாரா குடும்பத்தின் மாளிகையாக இருந்து, பிறகு கரும்பு ஆலையானது. ஐரோப்பாவில் கரும்புப்பாகு காய்ச்சும் கடைசி ஆலை இதுதான் என்கிறார்கள். கரும்பை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் அரேபியர்கள். அவர்களுக்கு அது இந்தியாவிலிருந்து பாரசீகம் வழியாகக் கிடைத்தது. இந்தக் கடலோரத்தின் கடைசிச் சர்க்கரை ஆலையும் 2006இல் மூடிவிட்டது. பாகு மட்டும் கடைக்குக் கடை புட்டியில் நிற்கிறது. கத்தரிக்காயை மெல்லிசாக நறுக்கி, மாவில் புரட்டி, மொறுமொறுவென்று பொரித்து அதன்மேல் இந்தக் கருப்புப் பாகை ஊற்றித் தருவார்கள். இனிப்பும் உப்புமாகக் கேட்கவே விபரீதமாகத் தோன்றும், இரண்டாவது தட்டு சொல்லாமல் எழுந்திருக்க முடியாது.