ஒரு குடம்கூட இல்லாத தொட்டி

ஜனவரி 19, ஞாயிறு

மாடி வீட்டு அக்கா பொங்கல் முடிந்த கையோடு வீடு மாறிப் போய்விட்டார். வண்டியில் சாமான் ஏற்றும்போது ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியை என் கையில் கொடுத்து, "பாப்பாவுக்கு வச்சுக்கோம்மா" என்றார். நீளம் ஒரு அடி, அகலமும் உயரமும் எட்டெட்டு அங்குலம். மகள் அதற்குள்ளேயே நோட்டில் பட்டியல் போட்டுவிட்டாள்: கோல்டு ஃபிஷ் இரண்டு, ஏஞ்சல் இரண்டு, குட்டி ஷார்க் ஒன்று, கண்ணாடியைச் சுத்தம் செய்ய சக்கர் ஒன்று.

சரி, முதலில் அளந்து பார்ப்போம் என்று டேப்பை எடுத்தேன். 30 செ.மீ. × 20 செ.மீ. × 20 செ.மீ. பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 12 லிட்டர். மணலுக்கும் மேலே விட வேண்டிய இடைவெளிக்கும் கழித்தால் ஒன்பது லிட்டர்தான் நிற்கும். அடுப்படியில் இருக்கும் நீலக் குடத்தை லிட்டர் கேனால் அளந்தோம். பதினைந்து லிட்டர் பிடித்தது. ஒரு குடம்கூட இல்லாத தண்ணீரில் ஆறு மீனா? மகள் குடத்தையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுபேச்சு பேசவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

பட்டியலை அவளோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கடையில் கட்டைவிரல் அளவில் இருக்கும் கோல்டு ஃபிஷ் நன்றாக வளர்ந்தால் ஒரு அடி வரும், அதாவது இந்தத் தொட்டியின் நீளம். வால் விரிந்த வகைகள் அதைவிடக் குட்டை, ஆனாலும் அரை அடி வரும். அதோடு நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன் அது. கல்யாண வீட்டிலும் ஓட்டலிலும் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்திருப்பதைப் பார்த்துப் பார்த்து நமக்கு அதுதான் அதன் வீடு என்று மனதில் பதிந்துவிட்டது. எனக்கு அந்தக் கிண்ணத்தைக் கண்டாலே நெஞ்சு கனக்கிறது.

ஏஞ்சல், மேல் துடுப்பிலிருந்து கீழ்த் துடுப்பு வரை 20 செ.மீ.க்கு மேல் போகும். தொட்டியின் உயரமே அவ்வளவுதான். ஷார்க் என்று விற்பது சுறா இல்லை, ஆற்றுக் கெளுத்தி வகை. ஒரு மீட்டருக்கு மேல் வளரும். சக்கரும் ஒன்றரை அடி வரை போகும். அது பெருத்த பிறகு ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த மீன் இப்போது நம் ஏரிகளில் வலை வலையாக ஏறுகிறது, நாட்டு மீனுக்கு இடமில்லை. அதை மட்டும் எந்தத் தொட்டிக்கும் வாங்கக் கூடாது என்பது என் பிடிவாதம்.

ஜனவரி 26, ஞாயிறு

கொளத்தூர் போனோம். தெரு முழுக்க மீன் கடைதான். ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் கவர்கள் வாசலில் தொங்குகின்றன, வெயில் பட்டால் கவருக்குள் கப்பிகள் மின்னுகின்றன. முதல் இரண்டு கடைகளில், "ஒண்ணும் ஆகாதுக்கா, பத்து மீன் போடலாம்" என்றார்கள். மூன்றாவது கடைக்காரர்தான், "டேங்க் என்ன சைஸ்?" என்று கேட்டார். சொன்னதும், "இன்னிக்கு மீன் வாங்காதீங்க. ஃபில்டர் வாங்கிட்டுப் போங்க, ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்றார். வியாபாரத்தை விட்டுக்கொடுத்து அப்படிச் சொன்ன அந்த அண்ணன்மேல் மரியாதை வந்துவிட்டது.

அங்கே ஒரு தொட்டியில் பட்டாணி அளவில் பேத்தை (பஃபர்) மீன்கள் இருந்தன. மகள் ஒட்டிக்கொண்டு நின்றாள். கேரளத்து ஆறுகளின் நன்னீர்ப் பேத்தை அது, முழு வளர்ச்சியிலும் மூன்று செ.மீ.தான். உருவத்துக்கு நம் தொட்டி போதும். ஆனால் நத்தையும் உயிர்ப்புழுவும் தினம் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத அதை ஆற்றிலிருந்து அள்ளிக்கொண்டே வருகிறார்கள், அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. வேண்டாம் என்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

ஸ்பாஞ்ச் ஃபில்டர், சின்ன ஏர் மோட்டார், ஆற்று மணல், ஜாவா பாசி, குளோரின் முறிக்கும் மருந்து, தண்ணீர் சோதிக்கும் சொட்டு மருந்துப் பெட்டி. மீன் இல்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

தொட்டி ஓட ஆரம்பித்து ஒரு வாரம். எங்கள் சம்பில் மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்துதான் வரும். குளோரினுக்கு மருந்து விட்டாயிற்று. உப்பும் சுண்ணாம்பும் அப்படியேதான் இருக்கும். பக்கெட்டில் வெள்ளை படிவதைப் பார்த்தாலே தெரியும்.

தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் போடுகிறோம். "சாப்பிட யாரும் இல்லையேம்மா?" என்றாள். தீனி அழுகி அமோனியா வரும், அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியா ஸ்பாஞ்சில் குடியேறும், அப்புறம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் இன்னொன்று வரும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவது கொஞ்சம் சேர்ந்தாலும் தாங்கும். இந்த வரிசை முழுதாக அமைய நாலிலிருந்து ஆறு வாரம். பெரிய தொட்டியில் ஒரு தப்பு நடந்தால் தண்ணீர் அதிகம், தாங்கிக்கொள்ளும். ஒன்பது லிட்டரில் ஒரு ஸ்பூன் தீனி கூடிப்போனாலே மீன் மூச்சுத் திணறும். அதனால்தான் சின்னத் தொட்டி சுலபம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

சோதனைக் குழாயில் ஐந்து மில்லி தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டுக் குலுக்கினோம். முதலில் எலுமிச்சை மஞ்சள். ஐந்து நிமிடத்தில் அடியிலிருந்து மெல்ல மெல்லப் பச்சை ஏறியது, கடைசியில் புதினாச் சட்னி நிறம். அவ்வளவு அமோனியா. தண்ணீரோ கண்ணாடி போலத் தெளிந்து நிற்கிறது. மகள் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இப்ப ஒரு மீனை விட்டிருந்தா?" என்றாள். பதில் அவளுக்கே தெரியும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கப்பி பற்றி இன்று நீண்ட பேச்சு. எங்கள் கடின நீர் அதற்கு ரொம்பப் பிடிக்கும், சென்னை வெயிலும் ஒத்துக்கொள்ளும். சிக்கல் வேறு. மாதம் ஒருமுறை இருபது முப்பது குஞ்சு போடும். பெண்ணை மட்டும் வாங்கினாலும் தப்பிக்க முடியாது. ஆணின் விந்தைப் பல மாதம் உடலுக்குள் சேர்த்து வைத்திருந்து குஞ்சு போட்டுக்கொண்டே இருக்கும். மூன்று ஆண் மட்டும் வைக்கலாம், அதைக் கடைசிவரை யோசித்தோம். ஆனால் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கும், ஒரு அடிக்குள் எங்கே போய் ஒளியும்?

வரிக்குதிரை மீனும் சின்னதுதான், நாலு செ.மீ. நம் கங்கைச் சமவெளி மீன். ஓயாமல் ஓடும், கூட்டமாக வேண்டும், மூன்றடித் தொட்டியாவது வேண்டும். மீனின் நீளத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது, அது ஓடும் தூரத்தையும் பார்க்க வேண்டும்.

இரண்டு செ.மீ.கூட எட்டாத மிளகாய் ராஸ்போரா என்று ஒன்று, போர்னியோவில் இலை ஊறிக் கறுத்த தண்ணீரில் வாழ்வது. படத்தைப் பார்த்து இருவருமே மயங்கிவிட்டோம். அதற்கு மழைநீர் போல மென்மையான, புளிப்பான தண்ணீர் வேண்டும். எங்கள் சம்பு அதைக் கொடுக்காது. செர்ரி இறாலையும் நினைத்தோம், ஆனால் மே மாதம் இந்த ஹாலில் தண்ணீர் 32 டிகிரி தொடும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அமோனியா இறங்கிவிட்டது, நைட்ரைட் ஏறி நிற்கிறது, குழாயில் கத்தரிப்பூ நிறம். பாசியோடு வந்த நத்தைகள் மிளகு மிளகாகக் கண்ணாடியில் ஒட்டியிருக்கின்றன. இருக்கட்டும்.

மார்ச் 2, ஞாயிறு

இரண்டும் பூஜ்யம். நாளையும் மறுநாளும் பார்த்துவிட்டுத்தான்.

மார்ச் 9, ஞாயிறு

கொளத்தூர். அதே அண்ணன் கடை. ஃபைட்டர், அதாவது சண்டை மீன் என்று முடிவாகிவிட்டது, ஒன்றே ஒன்று.

அலமாரி நிறைய சின்னச் சின்ன பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஃபைட்டர். அது மேலே வந்து காற்றையே மூச்சாக இழுக்கும், தலைக்குள் அதற்கென்று தனி உறுப்பு உண்டு. அதனால் டம்ளர் தண்ணீர் போதும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். காற்று கிடைத்தாலும் தன் கழிவிலிருந்து வரும் அமோனியா செவுளை அரிக்கத்தானே செய்யும்? தாய்லாந்தில் அது வாழும் வயல் தண்ணீர் முழங்கால் ஆழம்கூட இருக்காது, ஆனால் வயல் எவ்வளவு அகலம்!

மகள் நீளத் துடுப்பு நீலத்தைக் காட்டினாள். அண்ணன் அதன் பக்கத்து பாட்டிலை எடுத்தார். "இது பிளக்காட், பாப்பா. துடுப்பு குட்டை, நல்லா நீந்தும். அது பாவம், பட்டுப்புடவை கட்டிக்கிட்டு ஓடுற மாதிரி." பிளா கட் என்றால் தாய் மொழியில் கடிக்கும் மீன். செம்மண் நிறம், செவுள் ஓரம் பச்சை. விரலை நீட்டியதும் திரும்பி முறைத்தது. அதைத்தான் வாங்கினோம்.

கவரை அப்படியே இருபது நிமிடம் மிதக்கவிட்டோம். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சின்ன டம்ளரில் கவருக்குள் தொட்டித் தண்ணீர். கடைத் தண்ணீரைச் சிந்தாமல் மீனை மட்டும் உள்ளே விட்டோம். குதிக்கும் என்பதால் மேலே கொசுவலைத் துண்டு.

மார்ச் 16, ஞாயிறு

தெருமுனையில் இருக்கும் பாதாம் மரத்தடியில் காய்ந்து சிவந்த இலை ஒன்று எடுத்து வந்து கொதிக்க வைத்துப் போட்டிருந்தோம். தண்ணீர் வரக்காப்பி நிறத்துக்கு வந்திருக்கிறது. நாளெல்லாம் அந்த இலைக்கு அடியில்தான் இருக்கிறான். காலையில் நாலு உருண்டை தீனி, மாலையில் மூன்று. ஞாயிறு பட்டினி.

"அம்மா, துணைக்கு இன்னொண்ணு?" என்று இன்று கேட்டாள். இவனுக்குத் துணை வேண்டாம் கண்ணு, இன்னொரு ஆணைக் கண்டால் துடுப்பைக் கிழித்துவிடுவான் என்றேன். ஒரு கைக்கண்ணாடியைப் பத்து விநாடி காட்டினாள். செவுள் மூடி இரண்டும் குடை மாதிரி விரிந்தன. உடனே எடுத்துவிட்டாள்.

மார்ச் 23, ஞாயிறு

வாரம் இரண்டு செம்புத் தண்ணீர் மாற்றுவது வழக்கமாகிவிட்டது. இன்று மூடியை எடுத்தபோது, இலைக்கு ஓரமாக, ஜவ்வரிசி வேகும்போது நுரைக்குமே அதுபோலக் குமிழிகள். ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு நெருக்கி அடுக்கியிருக்கிறான். ஆண் ஃபைட்டர் எச்சில் குமிழியில் கட்டும் கூடு அது, முட்டையைத் தாங்க. பெண் இல்லாவிட்டாலும் கட்டுவான். ஒரு குமிழி உடைந்தது. மேலே போய் ஒரு வாய்க் காற்று எடுத்து, கீழே இறங்கி, சரியாக அந்த இடத்தில் விட்டான்.

செம்பைச் சாய்க்க மனம் வரவில்லை. மகள் அடுப்படியிலிருந்து கரண்டி எடுத்து வந்தாள். கூடு இல்லாத மூலையில், கண்ணாடியோடு ஒட்டி, கரண்டி கரண்டியாக ஊற்றினோம். முக்கால் மணி நேரம் ஆனது.