பத்துப் பிக்சல் காடு

அலையாத்திக் காடு 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் சுற்றிலும் 50 மீட்டர் விட வேண்டும், அந்த 50 மீட்டரும் சி.ஆர்.இசட். 1ஏ-தான் (கடுமையான பாதுகாப்புள்ள கடலோரப் பகுதி) என்கிறது 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. 1,000 சதுர மீட்டர் கால் ஏக்கர்கூட முழுசாக வராது. இந்தக் காட்டை வரைபடமாக்க இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல் பத்துக்குப் பத்து மீட்டர். ஆக, பத்தே பிக்சல். முத்துப்பேட்டையில் நடுக்காட்டைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது. தகராறெல்லாம் வாய்க்கால் ஓரத்திலும் இறால் பண்ணைக் கரையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுகளில்தான்.

ஐப்பசி, கார்த்திகைப் படங்கள் வேண்டாம். மேகம் இல்லாவிட்டாலும் புல்பூண்டெல்லாம் பச்சை. மாசியிலிருந்து சித்திரைக்குள் எடுங்கள். அப்போதும் கரைமேட்டுச் சீமைக் கருவேலம் பச்சையாகவே நிற்கும். பசுமையை அளக்கும் என்.டி.வி.ஐ. குறியீட்டை மட்டும் போட்டால் அதுவும் அலையாத்தியாகிவிடும். படத்தின் பட்டை 11-ஐ (குற்றலை அகச்சிவப்பு) சேர்த்துப் பார்த்தால் ஈரச்சேற்றில் நிற்கும் மரங்கள் இருண்டு தெரியும். ஆனால் அந்தப் பட்டை 20 மீட்டர். பத்து மீட்டராக மாற்றினாலும் புதிதாக விவரம் ஒன்றும் வந்துவிடாது. சந்தேகமான துண்டுக்கு நேரில்தான் போக வேண்டும். சேற்றில் பென்சில் நட்டாற்போல் மூச்சுவேர்கள் நின்றால் அது வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம்.

பலரும் கோட்டைவிடுவது பிக்சல்களைப் பாலிகனாக (எல்லைக்கோடு போட்ட உருவமாக) மாற்றும்போது. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் தானாகப் பக்கம் ஒட்டியவற்றை மட்டுமே சேர்க்கும். மூலையில் மட்டும் தொடும் ஆறு பிக்சலும் ஏழு பிக்சலும் 600, 700 சதுர மீட்டர் என இரண்டு துண்டாகி, இரண்டுமே வரம்புக்குக் கீழே போய்விடும். 1,300 சதுர மீட்டர் காட்டுக்கு 50 மீட்டர் கிடைக்காது. மூலையையும் சேர்க்கும் எட்டுத் திசை இணைப்புக்கான கட்டத்தை டிக் செய்துவிட்டுப் பிறகு பரப்பை எடுங்கள். சுற்றிலும் 50 மீட்டர் பஃபர் போடுமுன், மீட்டரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு ஆள்கூறு முறைக்கு மாற்றியாக வேண்டும். டிகிரியில் விட்டால் 50 என்பது 50 டிகிரி. பாதி இந்தியப் பெருங்கடல் பாதுகாக்கப்பட்டுவிடும்!

வனவிலங்குச் சரணாலய எல்லையையும் வரைய வேண்டுமானால் அதைப் படத்தில் தேடாதீர்கள். அது அரசிதழில் எழுதியபடிதான். மரம் நிற்கும் இடத்துக்கு இழுத்து ஒட்டக்கூடாது.

கடைசியாகக் கிராம வரைபடத்தை இன்றைய படத்தின் மேல் பொருத்துவது. தின் பிளேட் ஸ்ப்லைன் முறை வரைபடத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் வளைத்து ஒட்டுவதால், பிழை எப்போதும் பூஜ்யம் என்றே காட்டும். புள்ளி தப்பாக இருந்தாலும் அப்படித்தான். வளைக்காமல் பொருத்தும் முதல்படி பாலினோமியலில் போட்டுப் பிழை எங்கே குவிகிறது என்று பாருங்கள். இரண்டிலும் ஒன்றாகக் குறிக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிக்கு முச்சந்திக் கல், பழைய மதகு நல்லது. கரையோரம் கூடாது, வரைபடம் போட்ட காலத்துக் கரை இன்று அங்கே இருக்காது.