தண்ணீர் வார்த்தவர்

குருப்பட்டம் பெற்றபின் நான் முதலில் பொறுப்பேற்றது திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமச் சேகரம், அதாவது ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரம். அங்கே ஆலயப் பணியாளராக ஒருவர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். ஊரார் போலவே நானும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். விடியற்காலை மணி அடிப்பது, ஆலயத்தைப் பெருக்குவது, ஆராதனையில் அப்பமும் ரசமும் பகிரும் நற்கருணைப் பாத்திரங்களைத் துலக்குவது, மைக் போடுவது, துக்க வீடென்றால் கல்லறைத் தோட்டத்துக் கதவைத் திறந்துவைத்துக் குழி வெட்ட ஆள் பார்ப்பது, எல்லாம் அவர்தான்.

அந்த வருடம், இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழன் மாலை ஆராதனையில் பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவினேன். பெரும்பாலும் சபைக் கமிட்டியார். வீட்டிலேயே நன்றாகக் கழுவிக்கொண்டு வந்த கால்கள்! கை நீட்டினால் வெதுவெதுப்பான தண்ணீர், பக்கத்திலேயே மடித்த துண்டுகள். சிலர் கண் கலங்கினார்கள். எனக்கும் நெஞ்சு நிறைந்திருந்தது. எல்லாரும் போனபிறகு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தால், அண்ணாச்சியும் அவர் மனைவியும் தரையில் குனிந்து, சிந்திய தண்ணீரைச் சாக்கால் ஒற்றிப் பிழிந்துகொண்டிருந்தார்கள்.

“நற்கருணை எடுத்தீங்களா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“இல்லய்யா. கரண்டு போயிரும்னு ஜெனரேட்டர் பக்கத்துலயே நின்னுட்டேன். ஈஸ்டருக்கு எடுத்துக்கிடுதேன்.”

ஈஸ்டர் அன்று எடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

ஆனால் அந்த வியாழன் இரவு யோவான் 13ஆம் அதிகாரத்தை மறுபடி எடுத்தேன். எத்தனையோ முறை பிரசங்கித்த பகுதி. “பின்பு பாத்திரத்தில் தண்ணீர் வார்த்து” என்று இருக்கிறது. அந்த நாலு வார்த்தையில் நான் ஒருபோதும் நின்றதில்லை. ஆண்டவர் தாமே எழுந்து, தாமே சீலையை, அதாவது துண்டை, இடுப்பில் கட்டி, தாமே தண்ணீர் வார்த்திருக்கிறார். நானோ எல்லாம் தயாரான பிறகு குனிந்தேன். அன்றைக்குத் தண்ணீர் வார்த்தவர் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றிருந்தார்.

சரி, நாமும் இறங்கிச் செய்வோம் என்று அடுத்த வாரமே காலையில் போய் விளக்குமாற்றை எடுத்தேன். உண்மையான மனதோடுதான் செய்தேன். ஆனால் நாலே நாளில் அது பேச்சாகிவிட்டது. பக்கத்துச் சேகரத்தில்கூட “உங்க ஐயர் கோயில் பெருக்குதாராமே” என்று போதகரான என்னை மெச்சினார்கள். அண்ணாச்சி வருடக்கணக்காகப் பெருக்கியதை யாரும் ஒருநாள் சொன்னதில்லை. ஒருநாள் அவர் வாசலோரம் தயங்கி நின்று கேட்டார்: “ஐயா, நான் செய்யுத வேலையில ஏதும் குறை இருக்கா?”

வேலை போய்விடுமோ என்று பயந்திருக்கிறார். என் தாழ்மை அவர் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. விளக்குமாற்றை அவரிடமே கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில் களக்காடு பக்கத்திலுள்ள டோனாவூருக்கு ஒரு தியானக் கூட்டத்துக்காகப் போயிருந்தேன். அது ஏமி கார்மைக்கேல் அம்மையார் வாழ்ந்து மறைந்த ஊர். 1895இல் இந்தியா வந்த அந்த அயர்லாந்து மிஷனரி முதலில் ஊர் ஊராகச் சுவிசேஷம் சொல்லப் போனவர். 1901க்குப் பிறகு, கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த குழந்தைகள் அவரிடம் வந்து சேரச் சேர, பயணங்கள் குறைந்தன. சுவிசேஷப் பணியை விட்டுவிட்டுப் பிள்ளை வளர்க்கும் ஆயாவாக இருப்பது சரிதானா என்ற கேள்வி அவருக்கே எழுந்தது. அவருக்குப் பதிலாக வந்ததும் அதே சீலையும் அதே கால் கழுவுதலும்தான். குழந்தைக்குப் பால் காய்ச்சுவதும் இரவெல்லாம் கண்விழிப்பதும் யார் பார்க்க நடக்கும்? 1931இல் தவறி விழுந்த பிறகு, 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையறையில்தான் இருந்தார். கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி மட்டும் நிற்கிறது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். அண்ணாச்சியின் வேலையைச் செய்து காட்டுவது என் ஊழியம் அல்ல, அவருக்கு வரவேண்டியதை வரச்செய்வதுதான் என்று அங்கேதான் எனக்கு விளங்கியது. அவரிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. கமிட்டிக் கூட்டத்தில் என் பேச்சு எடுபடும்.

ஊருக்குத் திரும்பியதும் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தேன். அவர் சம்பளம் பல வருடமாக அப்படியே கிடந்தது. விடுப்பு என்ற ஒன்றே இல்லை. கமிட்டியில் பேசினேன். “கட்டட வேலைக்கே பணம் பத்தலை, இதுல இது வேறயா?” என்றார்கள். மூன்று கூட்டம் இழுத்தது. கடைசியில் சம்பளம் கூடியது, மாதத்தில் ஒரு ஞாயிறு விடுப்பும் கிடைத்தது. வாலிபர்கள் இரண்டு பேருக்கு மணியும் ஜெனரேட்டரும் பழக்கினோம். இதற்கு யாரும் கண் கலங்கவில்லை. நான் கால் கழுவிய பெரியவர்களில் இரண்டு பேர் பல மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அது எனக்கு வலித்தது, இப்போதும் மறக்கவில்லை.

அவருடைய முதல் விடுப்பு ஞாயிறு. வெள்ளை வேட்டி கட்டி, மனைவியோடு வந்து நடுவரிசையில் உட்கார்ந்திருந்தார். பையன்கள் இரண்டாம் மணியைச் சற்று தாமதமாக்கிவிட்டார்கள். அண்ணாச்சி கோபுரப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு பெஞ்சைப் பிடித்து எழப்போனார். அவர் மனைவி முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தார்.