‘வண்டி’ என்ற ஒரு சொல்லால் மூன்று வாரம்

பொங்கல் முடிந்து விழுப்புரத்திலிருந்து தாம்பரம் திரும்பிக்கொண்டிருந்தோம். திண்டிவனம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில், இருட்டும் நேரத்தில், பின்னால் வந்த சரக்கு வேன் இடித்ததில் கார் சென்டர் மீடியனில் மோதி நின்றது. வேன் நிற்கவே இல்லை. நம்பரையும் பார்க்க முடியவில்லை. அம்மா வலது தோளைப் பிடித்துக்கொண்டு "எனக்கு ஒண்ணுமில்லப்பா" என்றார். ஆனால் கையைத் தூக்க வரவில்லை.

108 சீக்கிரமே வந்தது. நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குச் சொன்னதும் கிரேன் வரும் என்றார்கள். காரை ரோட்டில் விட்டுப் போக மனமில்லாமல் நான் அங்கேயே நின்றேன். பக்கத்து டீக்கடைக்காரர், முன்பின் தெரியாதவர், "நான் அம்மாகூட போறேன், நீங்க பின்னாடி வாங்க" என்று ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டார். அந்த மனிதரை மறக்க மாட்டேன். ஆனால் போயிருக்க வேண்டியது நான்தான்.

அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் குறையில்லை. ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரத்துக்கு ஒரு பைசா கேட்கவில்லை. தோள்பட்டை எலும்பு முறிவு, கட்டுப் போட்டு அனுப்பினார்கள். நான்கு நாள் கழித்து ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல், கைக்கு வந்தபோதுதான் திக்கென்றது. ‘இருசக்கர வாகனத்தில் சென்றபோது விழுந்து’ என்று எழுதியிருந்தது. டீக்கடைக்காரர் "வண்டியில வந்தப்ப அடிபட்டுட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். எழுதியவர் என்ன வண்டி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குள் காவல் நிலையத்தில் வேறு அலைச்சல். முதல் நிலையத்தில் "அந்தப் பாலம் தாண்டினா எங்க லிமிட் இல்ல" என்றார்கள். பாலம் தாண்டி அடுத்த நிலையத்துக்குப் போனால் "பாலத்துக்கு முன்னாடிதானே நடந்திருக்கு" என்றார்கள். ஒரு நாள் லீவு அதிலேயே போனது. மறுநாள் வக்கீல் நண்பர் சொல்லித்தான் தெரிந்தது: 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச்) சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்கிக்கொள்ள வேண்டும். இதை மனுவிலேயே எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு சி.எஸ்.ஆர். (புகார் வாங்கியதற்கான ரசீது), இரண்டு நாளில் எஃப்.ஐ.ஆர். புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

ஏ.ஆர். பிழைக்கு வருகிறேன். பதிவேட்டில் அடித்துத் திருத்த முடியாது என்று டியூட்டி டாக்டர் கையை விரித்துவிட்டார். மூன்று முறை போனேன். கடைசியில் கைகொடுத்தது ஆம்புலன்ஸ் ஊழியர் எழுதிய தாள். ‘கார், முன் இருக்கை, சீட் பெல்ட் அணிந்திருந்தார்’ என்று அவர் தெளிவாகக் குறித்திருந்தார். அதோடு எஃப்.ஐ.ஆர். நகல், அம்மா காருக்குள் உட்கார்ந்திருக்கும் போட்டோ எல்லாவற்றையும் வைத்து ஆர்.எம்.ஓ.வை, அதாவது மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலரைப் பார்த்தேன். பொறுமையாகப் படித்துவிட்டு, கார் விபத்துதான் என்று தனியாக ஒரு கடிதம் கொடுத்தார். அடிபட்டவரோடு யார் போனாலும் சரி, "கார்", "பின்னால் இன்னொரு வண்டி இடித்தது" என்று சொல்லி அனுப்புங்கள். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

காருக்கான இன்சூரன்ஸ் கிளெய்மில் ஒரே ஒரு இடத்தில் மாட்டினேன். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வருவதற்கு முன்பே ஒர்க்‌ஷாப்பில் முன் பம்பரைக் கழற்றிவிட்டார்கள். ரேடியேட்டர் இந்த விபத்தில்தான் உடைந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று சர்வேயர் கேட்டார். நியாயமான கேள்விதான். விபத்து நடந்த இடத்தில் டார்ச் அடித்து எடுத்த போட்டோவில் ரேடியேட்டர் தண்ணீர் தரையில் ஓடியிருந்தது தெரிந்ததால் தப்பித்தேன். தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ‘ஜீரோ டெப்’ எடுக்காததால் பம்பர் மாதிரி பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிப் பணம்தான் வந்தது. ரெக்கவரி வண்டிக்கு 6,500 கொடுத்தேன். பாலிசியில் அதற்கு உச்சவரம்பு 1,500.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் இழப்பீடு உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல், படுகாயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம். எலும்பு முறிவு படுகாயத்தில்தான் சேரும். இதற்காகத்தான் அந்தக் கடிதத்துக்கு அவ்வளவு அலைந்தேன். போன வாரம் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். எழுத்தர் ஏ.ஆர். காப்பியைப் புரட்டியதும் கேட்ட முதல் கேள்வி, "டூவீலரா, காரா?" ஆர்.எம்.ஓ. கடிதத்தை எடுத்து மேலே வைத்தேன். படித்துப் பார்த்து, சீல் போட்டு, ரசீது கொடுத்துவிட்டார்.