மியாவாடியிலிருந்து தம்பியை மீட்டோம்: கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

தம்பி வீடு வந்து சேர்ந்துவிட்டான். எனக்குத்தான் கோபம் இன்னும் ஆறவில்லை. இப்போதும் பிள்ளைகள் அங்கே மாட்டியிருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

டெலிகிராமில் விளம்பரம், பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 70,000, உள்ளூர் ஏஜென்டுக்கு ஒன்றரை லட்சம். இறங்கியதும் காரில் தாய்லாந்து எல்லை ஊரான மே சோட், இரவோடு இரவாக மோய் ஆற்றைத் தாண்டி மியான்மரின் மியாவாடி. அங்கே முகாம்களில் பிள்ளைகளை அடைத்துவைத்து, ஆன்லைனில் மற்றவர்களை ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலையை அடித்துச் செய்ய வைக்கிறார்கள்.

ஸ்டேஷனில் முதல் கேள்வியே "விசா காப்பி எங்கே?" என்பதுதான். தாய்லாந்து இந்தியர்களை விசா இல்லாமலே உள்ளே விடுகிறது சார் என்றேன். "அப்ப டூரிஸ்டாப் போயிருக்கான். தானாப் போனவனுக்கு நாங்க என்னம்மா பண்றது?" என்றார் எழுத்தர். காணவில்லை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். தயவுசெய்து அப்படி எழுதிவிடாதீர்கள். வேலை என்று ஏமாற்றிப் பணம் வாங்கி, வேறு நாட்டுக்குக் கடத்தி, அடைத்துவைத்து வேலை வாங்குகிறார்கள் என்று ஏஜென்டின் பெயர், போன் நம்பர், ஜிபே ரசீதோடு எழுதுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு போலீஸ் தரும் சி.எஸ்.ஆர். ரசீது கைக்கு வராமல் எழுந்திருக்காதீர்கள். அன்று மாலை வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்துதான் வாங்கினேன்.

தானாகப் போனானாம்! 2023-இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்ன கணக்குப்படி மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம். அத்தனை பேரும் தானாகவா போனார்கள்? பத்தாம் வகுப்புகூடத் தாண்டாமல் வளைகுடாவுக்குப் போகிறவரின் ஒப்பந்தத்தையாவது எமிக்ரேஷன் கிளியரன்ஸுக்காக, அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு தரும் அனுமதிக்காக, ஓர் அதிகாரி பார்க்கிறார். பி.எஸ்சி. முடித்துவிட்டு செல்போன் கடையில் 12,000 ரூபாய்க்கு நின்றவனுக்கு அந்த கிளியரன்ஸே தேவையில்லை. ஏஜென்டுகள் குறிவைப்பது இவர்களைத்தான். தம்பியோடு அதே அறையில் எத்தியோப்பியா, கென்யா, நேபாளப் பையன்கள் இருந்தார்களாம். எல்லோரும் படித்தவர்கள், எல்லோர் வீட்டிலும் கடன்.

அடுத்த அலைச்சல் சென்னையில். டிக்கெட் பாங்காக்குக்கு என்பதால் இது தாய்லாந்து விவகாரம் என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். ஆள் மியான்மரில் இருக்கிறான் என்றால் ஆதாரம் கேட்டார்கள். நல்லவேளை, போனைப் பிடுங்குவதற்கு முன் கழிப்பறையிலிருந்து லொகேஷன் அனுப்பியிருந்தான். அதைக் கலர் பிரின்ட் எடுத்து, ஆற்றின் மேல் ஹைலைட்டரால் கோடு போட்டு, புள்ளி மியான்மர் பக்கமான மேற்குக் கரையில் இருப்பதைக் காட்டிய பிறகுதான் மனுவை வாங்கினார்கள். உங்கள் மனுவை மியான்மரின் யாங்கோனில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு அனுப்புங்கள், பாங்காக்குக்கும் நகல் போடுங்கள். வெளியே வரும் வழி பெரும்பாலும் மே சோட்தான். வெளிநாட்டில் சிக்கியவர்களுக்காக வெளியுறவு அமைச்சகம் வைத்திருக்கும் மதத் (MADAD) புகார் போர்ட்டலில் பதிந்து, அந்தப் பதிவு எண்ணை எல்லாக் கடிதத்திலும் எழுதுங்கள். அயலகத் தமிழர் நலத் துறைக்கும் ஒரு மனு.

நடுவில் முகாம்காரர்கள், ஒப்பந்தத்தை முறிக்க வேண்டுமானால் கிரிப்டோவில் பணம் கட்டு என்று மிரட்டினார்கள். அம்மா தாலியைக் கழற்றிவிட்டார். நான் விடவில்லை. பணம் கட்டிய பிறகும் அடுத்த கம்பெனிக்கு விற்கப்பட்டவர்கள் உண்டு.

2025 பிப்ரவரியில் தாய்லாந்து அந்தப் பகுதிக்கு மின்சாரத்தையும் இணையத்தையும் நிறுத்தியது. முகாம்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். மார்ச்சில் நம் விமானப்படை மே சோட்டிலிருந்து 500-க்கும் மேற்பட்டோரை இரண்டு விமானங்களில் அழைத்து வந்தது. அதில் ஒருவன் என் தம்பி.

வந்ததும் விசாரணை. "நீயும் ஏமாத்தினவன்தானே?" என்று கேட்டபோது அவன் வாயடைத்துப் போனான். அப்போது கைகொடுத்தது சி.எஸ்.ஆர். ரசீதில் இருந்த தேதி. விடுதலைக்குப் பல மாதங்கள் முன்பே, கட்டாயப்படுத்தி அடிக்கிறார்கள் என்று பதிவாகியிருந்தது. அதைப் பார்த்த பிறகு கேள்விகளின் தொனியே மாறியது. அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

உள்ளூர் ஏஜென்ட் கைதாகி ஜாமீனில் வந்துவிட்டான். அவனுக்குக் கமிஷன் தந்தவன் துபாய் நம்பர், கார் ஓட்டியவன் தாய்லாந்துக்காரன், காவலுக்கு ஆயுதக் குழு, முதலாளி சீனாக்காரன் என்கிறான் தம்பி. எங்கள் எஃப்.ஐ.ஆரில் இருப்பது ஒரே பெயர். மற்றவர்களையும் சேர்க்கச் சொல்லி, அந்தத் துபாய் நம்பர் உள்ள சாட் முழுவதையும் பிரின்ட் எடுத்து மனு போட்டிருக்கிறேன். பதிவு பெற்ற ஏஜென்டே சட்டப்படி 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம்; வெளிநாட்டு வேலைக்கான அரசின் இ-மைக்ரேட் தளத்தில் லைசென்ஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். அதற்கு மேல் கேட்கிறவனிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.