இளங்கொடி விழும்வரை காத்திருக்க வேண்டாம்

குமரி மாவட்டத்தில் மாடும் ஆடும்தான் அதிகம், குதிரை அபூர்வம். அதனால் குதிரை ஈன்றாலும் மாட்டுக்குச் செய்வதையே செய்துவிடுகிறோம். இளங்கொடி (நஞ்சுக்கொடி) விழுந்த பிறகுதான் குட்டியை மடியில் விடுவது அதில் ஒன்று. கன்றுக்கே கெடுதலான இந்தப் பழக்கம் குதிரைக்குட்டியின் உயிரையே எடுத்துவிடும்.

மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் புரதம் நஞ்சுக்கொடி வழியாகவே வந்துவிடுகிறது. குதிரையின் நஞ்சுக்கொடி அதைக் கடத்தாது. பிறந்த குட்டியின் ரத்தத்தில் அது அநேகமாக இல்லை. சீம்பாலில் கிடைத்தால்தான் உண்டு. அந்தப் புரதத்தைக் குடல் உடைக்காமல் அப்படியே உறிஞ்சுவது முதல் ஆறு மணி நேரத்தில்தான் நன்றாக நடக்கும். ஒரு நாள் கழிந்தால் எவ்வளவு குடித்தாலும் ரத்தத்தில் சேராது.

குட்டி 1 மணி நேரத்தில் எழ வேண்டும், 2 மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், 3 மணி நேரத்துக்குள் இளங்கொடி விழ வேண்டும். விழாவிட்டால் இழுக்காதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

45–50 கிலோ குட்டிக்கு நல்ல சீம்பால் 1 முதல் 1.5 லிட்டர் தேவை. நிற்க முடியாத குட்டிக்குக் கறந்து, மணிக்கு 250–500 மில்லி கொடுக்கலாம். தலையை அண்ணாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். சப்பவே தெரியாத குட்டிக்கு டாக்டர் குழாய் வழியாகக் கொடுக்கட்டும்.

நல்ல சீம்பால் கெட்டியாக, மஞ்சளாக, விரலில் ஒட்டும். சீம்பாலின் அடர்த்தியைக் காட்டும் பிரிக்ஸ் மானியில் 23 சதவீதத்துக்கு மேல் காட்ட வேண்டும். ஈனுவதற்கு முன்பே மடியிலிருந்து பால் ஒழுகினால் சீம்பால்தான் வீணாகிறது. அதைப் பிடித்து உறைய வையுங்கள். உருக்கும்போது வெதுவெதுப்பான நீர் போதும், காய்ச்சினால் புரதம் கெட்டுவிடும். (மாட்டுச் சீம்பாலைக் கருப்பட்டி போட்டு அவிப்பவர்களும் கன்றுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதைத்தான் எடுக்க வேண்டும்.)

விதிவிலக்கு ஒன்று உண்டு. அதே தாயின் முந்தைய குட்டி பிறந்த சில நாளில் மஞ்சள் பூத்துச் செத்திருந்தால், இந்தக் குட்டிக்கு அவள் சீம்பால் ஆகாது. வேறு குதிரையின் சீம்பால் வேண்டும்.

18–24 மணி நேரத்தில் ரத்தத்தில் ஐஜிஜி (சீம்பாலில் வரும் அந்த எதிர்ப்புப் புரதம்) அளவு பாருங்கள். டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் நல்லது. 400க்குக் கீழே என்றால் நரம்பு வழியாகப் பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏற்ற வேண்டும். வீட்டில் கவனிக்க வேண்டியது தாயின் மடியைத்தான். அது விம்மிச் சொட்டுகிறது, குட்டியின் நெற்றியில் பால் வடிந்திருக்கிறது என்றால் குட்டி குடிப்பதை நிறுத்திவிட்டது. மூட்டும் வீங்கினால் ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கலாம், மறுநாள்வரை பொறுக்காதீர்கள்.

ஜூனிலும் அக்டோபரிலும் இங்கே லாயத்தில் ஈரம் காயாது. உலர்ந்த வைக்கோலைத் தினமும் மாற்றுங்கள். 2 சதவீதக் குளோர்ஹெக்ஸிடின் கிருமிநாசினி ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்து, தினமும் இருமுறை தொப்புளை முக்குங்கள்.

பெரிய குதிரையின் உடல் தான் சந்தித்த கிருமிகளை நினைவில் வைத்திருக்கும். சினைக்குதிரையை ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பே அதே லாயத்தில் கட்டினால், அங்குள்ள கிருமிக்கான எதிர்ப்பும் சீம்பாலில் இறங்கும். டெட்டனஸ் ஊசியையும் 4–6 வாரம் முன்பே போட்டுவிடுங்கள். தாய் தந்த எதிர்ப்பு மாதாமாதம் தேய, குட்டியின் சொந்த எதிர்ப்பு மெல்லத்தான் கூடும். பெரிய குதிரையை அநேகமாக அண்டாத ரோடோகாக்கஸ் என்ற கிருமியின் நிமோனியா ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியைப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஊசி போட்ட தாயின் குட்டிக்கு முதல் டெட்டனஸ் ஊசி 4–6 மாதத்தில் போதும். அதற்கு முன் போட்டால், தாயின் எதிர்ப்பே அந்த ஊசியைப் பலிக்கவிடாது.