டிரெட்மில் சாவியும் காணாமல் போன காந்தமும்

செந்தூலில் எங்கள் பிளாட் ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. அம்மாவுக்கு வயது 68, பத்து வருடமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து நடக்கும்படி அரசாங்க கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். கோலாலம்பூரில் சாயங்காலமானால் மழை, மழை ஓய்ந்த மாதங்களில் சில வருடம் புகைமூட்டம். அதனால்தான் மூன்று வருடத்துக்கு முன்பு ஹாலில் ஒரு டிரெட்மில் வாங்கிப் போட்டோம். தினமும் இரவு அரை மணி நேரம், மூன்று கிலோமீட்டர் வேகத்தில் அம்மா நடப்பார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அது ஓட மறுத்தது. பொத்தானை அழுத்தினால் ஒரு பீப் சத்தம், திரையில் மூன்று கோடுகள். அவ்வளவுதான்.

திரையே எரியாவிட்டால் கோளாறு மின்சாரப் பக்கம் இருக்கலாம். சுவர் சுவிட்ச், பிளக்குக்குள் இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூஸ், மின்கம்பி மெஷினுக்குள் நுழையும் இடத்தில் உள்ள சின்ன ரீசெட் பொத்தான், இந்த மூன்றையும் முதலில் பார்க்கலாம். எங்கள் திரை எரிந்தது. கையேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மூன்று கோடு என்றால் பாதுகாப்புச் சாவி இடத்தில் இல்லை என்று போட்டிருந்தது. ஆனால் சாவி என் கண் முன்னால் அதன் இடத்தில்தான் இருந்தது.

சாவி என்று சொல்கிறோமே தவிர, அது திருகும் சாவி இல்லை. சிவப்பு பிளாஸ்டிக் துண்டு ஒன்று, அதன் அடியில் ஒரு காந்தம், ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் உடையில் மாட்டும் கிளிப். காந்தம் அருகில் இருப்பதை மெஷினுக்குள் இருக்கும் சென்சார் உணர்ந்தால்தான் பெல்ட் ஓடும். நடப்பவர் தடுமாறிப் பின்னால் போனால் கயிறு இழுபட்டு, சாவி கழன்று, பெல்ட் நின்றுவிடும்.

அம்மா வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிச் சாவியின் அடியில் வைத்தார். ஊக்கு ஒட்டவில்லை. திருப்பிப் பார்த்தேன். காந்தம் இருந்த வட்டக் குழி காலி, ஓரத்தில் காய்ந்த பசை மட்டும் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது.

டிரெட்மில் கவலை அந்த நொடியே போய்விட்டது. அண்ணன் மகனுக்கு இரண்டரை வயது. முந்தின நாள் முழுக்க அந்தச் சிவப்புச் சாவியைத்தான் கையில் வைத்து விளையாடினான், கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கிற வயது. ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை, அல்லது ஒரு காந்தத்தோடு வேறு இரும்புத் துண்டையும், குழந்தை விழுங்கிவிட்டால் அவை குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக் குடலையே ஓட்டையாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குப் போக வேண்டும், தானாக வெளியே வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அண்ணிக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். “பிள்ளை நல்லாத்தான் விளையாடுறான், நீ அங்க தேடு, பத்து நிமிஷத்துல கிடைக்கலைன்னா நான் எமர்ஜென்சிக்குக் கொண்டு போறேன்” என்றார்.

காந்தம் விழுந்தால் தரையில் சும்மா கிடக்காது, பக்கத்தில் இருக்கும் இரும்பில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் அம்மாவும் நானும் இரும்பை மட்டும் பார்த்துக்கொண்டே போனோம். டிரெட்மில்லின் அடிச்சட்டம், கதவு கிரில், சோபாவின் கால். கடைசியில் அம்மாவின் பழைய தையல் மிஷின். அதன் இரும்பு மிதிக்கு அடியில் கறுப்பாக ஒரு அரைவட்டம் ஒட்டியிருந்தது. பாதிதான். இது மாதிரிக் கறுப்புக் காந்தம் பீங்கான் போன்றது, தரையில் விழுந்தால் உடைந்துவிடும். இன்னொரு பாதி அதே மிஷினின் பின்கால் ஆணியில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, துண்டு எதுவும் குறையவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். அண்ணிக்குச் சொன்னபோது அவருக்கும் எனக்கும் பேச்சு வரவில்லை.

அப்புறம்தான் மெஷினைப் பற்றி யோசித்தோம். உடைந்த பாதிகளைச் சேர்த்து ஒட்டப் பார்த்தேன். பழையபடி வட்டமாக வைத்தால் ஒன்றையொன்று தள்ளுகின்றன, விரலை எடுத்ததும் ஒன்று புரண்டு மற்றதன் மேல் ஏறிவிடுகிறது. ரிப்பேர் பார்க்கும் ஒருவருக்கு போன் செய்தேன். “எதுக்குக்கா செலவு? ஏதாவது ஒரு காந்தத்தை அந்த இடத்துல டேப் போட்டு ஒட்டிடுங்க, அது பாட்டுக்கு ஓடும்” என்றார். ஓடும்தான். ஆனால் நிற்காது. மூன்று கிலோமீட்டர் வேகம் என்றால் பெல்ட் நொடிக்கு 83 சென்டிமீட்டர் நகர்கிறது. அம்மா தடுமாறினால் இரண்டு நொடிக்குள் பின் நுனிக்குப் போய்விடுவார். அந்த யோசனையை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் செந்தூலில் எல்ஆர்டி ரயில் ஏறி புடுவில் இறங்கி ஜாலான் பாசாருக்கு நடந்தேன். மின்னணு உதிரிப்பாகம் வேண்டும் என்றால் கோலாலம்பூரில் எல்லாரும் போகிற இடம் அது. உடைந்த பாதியைக் காட்டியதும் சீனக் கடைக்காரர் அதே அகலத்தில் வெள்ளியாகப் பளபளக்கும் நியோடிமியம் காந்தம் ஒன்றைத் தந்தார். விலை மூன்று வெள்ளி (ரிங்கிட்).

பசை போடும் முன் குழியில் வெறுமனே வைத்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. ஒரு பக்கம் வைத்தால் மூன்று கோடு, திருப்பி வைத்தால் திரையில் பூஜ்யம், அதாவது ஓடத் தயார். சில மெஷின்களில் எந்தப் பக்கம் வைத்தாலும் வேலை செய்யும், எங்களுடையதில் உள்ள சென்சார் ஒரு துருவத்தை மட்டும்தான் உணர்கிறது. சரியான பக்கத்தில் பேனாவால் புள்ளி வைத்து, இரண்டு குழாயிலிருந்து எடுத்துக் கலக்கும் பசையால் ஒட்டி, ஒரு நாள் காயவிட்டேன்.

மெஷின் ஓடியது. அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். “இருங்கம்மா, முதல்ல நான்” என்று நானே ஏறினேன். மிகக் குறைந்த வேகத்தில் வைத்து, கிளிப்பைச் சட்டையில் மாட்டி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் போனேன். கயிறு விறைத்தது. கிளிப் சட்டையை விட்டு நழுவிக் கீழே விழுந்தது. சாவி அசையவே இல்லை. பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது.

புதுக் காந்தம் பழையதைவிடப் பல மடங்கு பலமானது. குழிக்கு அடியில் இருக்கும் இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இதைச் சோதிக்காமல் அம்மாவை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. டிரெட்மில் ஓடிவிட்டது என்பதற்காகச் சாவி சரியாகிவிட்டது என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். இழுத்தால் நிற்கிறதா என்று பாருங்கள்.

அந்தச் சாவியை எடுத்து வைத்துவிட்டு, மெஷினின் முன்பக்க ஸ்டிக்கரில் இருந்த மாடல் எண்ணைப் படம் பிடித்து அனுப்பி, அதற்கென்றே உள்ள சாவியை ஆன்லைனில் வாங்கினோம். 28 வெள்ளி, வந்து சேர ஆறு நாள். அதுவரை அம்மா மாடி வராந்தாவில் நடந்தார்.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். இத்தனை நாளாக அம்மா கிளிப்பை உடையில் மாட்டாமல் கைப்பிடிக் கம்பியில் மாட்டி வைத்திருந்திருக்கிறார். கயிறு குறுக்கே வருகிறதாம். இப்போது காஃப்தானின் இடுப்புப் பக்கத்துத் துணியைச் சேர்த்துப் பிடித்து மாட்டிவிடுகிறேன். வேலை முடிந்ததும் சாவியைக் கழற்றி எடுப்பதும் அதே அளவு முக்கியம். 2021 மே மாதம் அமெரிக்காவில் சுமார் 125,000 டிரெட்மில்களை ஒரு நிறுவனம் திரும்பப் பெற்றது. 70-க்கும் மேற்பட்ட விபத்துகள், அதில் ஒரு குழந்தை இறந்தே போனது. சாவி இல்லாத மெஷினைக் குழந்தை எத்தனை பொத்தான் அழுத்தினாலும் ஓட்ட முடியாது.

புதுச் சாவி வந்த இரவு அம்மா ஏறி, பெல்ட்டை ஓடவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி தானே கயிற்றை இழுத்தார். டக்கென்று சாவி கழன்றது. பெல்ட் மெதுவாகி நின்றது. மறுபடி வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினார். இப்போது தினமும் அப்படித்தான் செய்கிறார். நடந்து முடித்ததும் சாவி சாமி மேடையின் மேல்தட்டுக்குப் போய்விடும், பையனுக்கு எட்டாத உயரத்தில்.